மாற்றிய நேரம்

என் கணினியில் 'கமலை' என்று தொடங்கும் கோப்புகள் மூன்று இருக்கின்றன. 'கமலை', 'கமலை அப்பா சொன்னது', 'கமலை மறுபடியும்'. மூன்றும் அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டியவை. ஒன்றில், மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலைக்கு வேண்டிய சாமான்களை வரிசையாகச் சொல்கிறார்: கூனை, தும்பி, வடம், வால்கயிறு. எது எதோடு பிணையும், தோல் தும்பி கிழிந்தால் யாரிடம் கொடுத்துத் தைப்பது என்பதுவரை போகிறார். இன்னொன்றில், பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு மாடு மாற்றிக்கொண்டு இறைத்த கதை. மூன்றாவதில் கதை எதுவும் இல்லை. அவர் இறைத்துக்கொண்டிருக்கிறார். கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. இடத்து மாடு பின்னால் நடந்து மேலேற மறுக்கிறது. "எய்யா, அந்தப் பிள்ளையத் தள்ளி நிக்கச் சொல்லு" என்கிறார். எந்தப் பிள்ளை என்று நான் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

இந்த மூன்றில் எது முந்தியது, எது பிந்தியது என்று இன்று எனக்குத் தெரியாது. மூன்றையும் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில் எழுதியதாகக் கணினி சொல்கிறது: 2019 ஜூன் 9, பிற்பகல் 3.41. அந்த நிமிடத்தில் நான் எதையும் எழுதவில்லை. பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பழைய மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் அந்த வாரம்தான் உள்ளுக்குள் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் நாள் தள்ளக் கூடாது. கைக்குக் கிடைத்த 32 ஜிபி பென் டிரைவைச் செருகி, டெர்மினலைத் திறந்து, காப்பி கமாண்டைத் தட்டினேன். வரிகள் திரையில் மழைபோல ஓடி நின்றன. டிஸ்க்கை மாற்றி, லினக்ஸைப் புதிதாக நிறுவி, எல்லாவற்றையும் பழைய இடத்தில் கொட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. 'ழ' எல்லாம் 'ழ'வாகவே இருந்தது. சில வாரங்கள் கழித்து அப்பாவின் சொற்களைத் தேதிவாரியாக அடுக்க உட்கார்ந்தபோதுதான், அடுக்குவதற்குத் தேதியே இல்லை என்று தெரிந்தது.

கணினி தவறு எதையும் செய்யவில்லை. வெறும் காப்பி கமாண்ட், உள்ளடக்கத்தைப் படித்துப் புதிய கோப்பு ஒன்றை உண்டாக்குகிறது. புதிய கோப்புக்கு இன்றைய தேதிதானே இருக்க முடியும்? பழைய தேதியோடு கொண்டுபோ என்று சொல்ல ஓர் எழுத்து கூடுதலாகத் தட்ட வேண்டும். ஆர்க்கைவ் என்பதைக் குறிக்கும் ஆங்கில 'ஏ'. அதைத் தட்டாமல் விட்டேன்.

யூனிக்ஸ் வழிவந்த எல்லாக் கணினிகளிலும் ஒரு கோப்புக்கு மூன்று நேரங்கள் உண்டு. கடைசியாக வாசித்த நேரம், உள்ளடக்கத்தைக் கடைசியாக மாற்றிய நேரம், உரிமை, அனுமதி போன்ற மேல்விவரங்கள் கடைசியாக மாறிய நேரம். மூன்றும் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி என்ற எண்ணாகவே உள்ளே கிடக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியும் தேதி நடுவில் உள்ளது, மாற்றிய நேரம். என் பென் டிரைவில் இருந்ததோ ஃபேட் என்ற பழைய கோப்பு முறைமை. அதில் மாற்றிய நேரத்தை இரண்டு நொடிக்கு ஒரு முறைதான் குறிக்க முடியும். ஒற்றைப்படை நொடி அதற்குக் கிடையாது. கோப்பு யாருடையது, யார் படிக்கலாம் என்ற விவரத்துக்கும் அதில் இடமில்லை. அதைவிட எனக்கு வலித்தது வேறு. கோப்பின் பெயரில் கேள்விக்குறி இருந்தால் ஃபேட் ஏற்றுக்கொள்ளாது. லினக்ஸின் எக்ஸ்ட்-4 ஏற்றுக்கொள்ளும். அப்பாவிடம் நான் கேட்ட கேள்வியையே சில கோப்புகளுக்குப் பெயராக வைத்திருந்தேன். 'மல்லி எப்ப விதைப்பீங்க?' மாதிரி. ஏழு கோப்புகள் அப்படி. ஏழும் பென் டிரைவுக்குப் போகவில்லை. பிழை என்று திரையில் ஏழு வரி வந்திருக்கும். ஓடிய ஆயிரம் வரிகளுக்கு நடுவே நான் பார்க்கவில்லை.

ஏழு கோப்புகள் போனதை ஒருவாறு ஏற்றுக்கொண்டேன். தேதி போனதைத்தான் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

கி.ரா.வின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை ஒரு மாலையில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டப்போய்த்தான் இந்த எழுத்து வேலை தொடங்கியது. ஒரு சொல்லுக்கு, "ஆமா, அப்பிடித்தான்" என்றார். அடுத்ததற்கு, "எங்க பக்கம் வேற மாதிரிச் சொல்லுவம்யா" என்றார். அந்த வேறு மாதிரியை எழுதிவைக்கத் தொடங்கினேன். சொல்லுக்கு ஒரு கோப்பு, சில நாள் இரண்டு. மூன்று வருடத்தில் 146 கோப்புகள் சேர்ந்தன. அந்த மூன்று வருடத்தில்தான் அப்பாவுக்கு மறதி வந்தது. முதலில் ஆட்களின் பெயர், பிறகு வாரத்தின் கிழமை, பிறகு எது நடந்து முடிந்தது, எது நடந்துகொண்டிருக்கிறது என்ற பிரிவு. சொற்கள் கடைசிவரை இருந்தன. ஆனால் ஒரே சொல்லுக்கு இரண்டு கோப்பில் இரண்டு பொருள் சொல்லியிருந்தால், முந்தியதைத்தான் நம்ப வேண்டும். எது முந்தியது? அப்பா எந்த மாதத்தில் அந்தப் பழைய கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தார்? இதற்கெல்லாம் சாட்சி அந்த எண் ஒன்றுதான். எந்தக் கோப்புக்குள்ளும் நான் தேதி எழுதவில்லை, கணினிதான் குறித்துக்கொள்கிறதே என்று.

பதினொரு கோப்புகள் மட்டும் தப்பின. அவற்றை லிப்ரே ஆஃபீஸில் தட்டியிருந்தேன். லிப்ரே ஆஃபீஸின் கோப்பு வெளிக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உண்மையில் அது ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால் உள்ளே பல கோப்புகள், அவற்றில் 'மெட்டா' என்று ஒன்று. ஆவணத்தை எப்போது தொடங்கினோம், கடைசியாக எப்போது சேமித்தோம் என்று அதில் எழுத்தாகவே பதிந்திருக்கும். வெளியே எந்தத் தேதி மாறினாலும் இது மாறாது. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதினொன்றையும் பிரித்துத் தேதிகளை ஒரு தாளில் எழுதினேன். மீதி 128 கோப்புகளும் வெறும் உரை. அவற்றுக்குள் அப்பாவின் பேச்சைத் தவிர வேறொன்றும் இல்லை.

இப்போது மாதத்தின் கடைசி ஞாயிறு மாலையில் பேக்கப் எடுக்கிறேன். லினக்ஸில் ஒவ்வொருவருக்கும் 'ஹோம்' என்ற கிளைக்குக் கீழே சொந்தப் பெயரில் ஒரு வீடு உண்டு. எழுதுவது, சேர்ப்பது, நம் விருப்பப்படி அமைத்துக்கொண்டது எல்லாம் அதற்குள்தான். வெளியே இருக்கிற லட்சக்கணக்கான கோப்புகள் யார் கணினியிலும் இருப்பவை. தொலைந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். வீட்டுக்குள் இருப்பது மட்டும் வேறு எங்கும் கிடைக்காது. அதைத்தான் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு எடுக்கிறேன். கடையில் வாங்கும் டிஸ்க் பெரும்பாலும் விண்டோஸுக்கு ஏற்ற கோப்பு முறைமையோடு வரும். முதல் வேலையாக அதை அழித்து எக்ஸ்ட்-4 ஆக்கினேன். கோப்பு எந்த மண்ணில் இருந்ததோ அதே மண்ணுக்குப் போகட்டும். உரிமையும் அனுமதியும் தேதியும் கேள்விக்குறியும் அப்படியே போகும்.

பயன்படுத்துவது ஆர்சிங்க். ஆஸ்திரேலியர்கள் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். மெதுவான தொலைபேசி இணைப்புகளின் காலம் அது. ஒரு கோப்பில் மாறிய துண்டுகளை மட்டும் கண்டுபிடித்து அனுப்புவது எப்படி என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. ட்ரிட்ஜெல் கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வில் இதுவும் ஒரு பகுதி. பக்கத்திலேயே செருகிய டிஸ்க்குக்கு எடுக்கும்போது அந்த நுட்பம் தேவைப்படுவதில்லை; மாறிய கோப்பை முழுதாகவே எழுதிவிடுகிறது. ஆனால் ஒரு கோப்பு மாறியதா இல்லையா என்று அது எப்படி முடிவு செய்கிறது என்று படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோப்பைத் திறந்தே பார்ப்பதில்லை. இந்தப் பக்கத்துக் கோப்பின் அளவு, அந்தப் பக்கத்துக் கோப்பின் அளவு. இதன் மாற்றிய நேரம், அதன் மாற்றிய நேரம். இரண்டும் பொருந்தினால் தாண்டிப் போய்விடும். லட்சம் கோப்புகளை ஒரு நிமிடத்தில் சரிபார்க்க முடிவது இதனால்தான். நான் அலட்சியமாகத் தொலைத்த எண்மேல்தான் இந்த வேலை முழுவதும் நிற்கிறது.

இதில் ஒரு பலவீனமும் உண்டு. டிஸ்க்கில் காலப்போக்கில் ஒரு பைட் தானாகக் கெட்டுப்போனால் அளவும் மாறாது, தேதியும் மாறாது. ஆர்சிங்க் தாண்டிப் போகும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை, உள்ளடக்கத்தையே படித்து ஒப்பிடச் சொல்லி ஓட்டுகிறேன். ராத்திரி முழுக்க ஓடும். ஓடட்டும்.

உண்மையில் எழுதுவதற்கு முன்னால், எழுதாமல் பட்டியல் மட்டும் காட்டு என்று சொல்லலாம். நான் அதை விடாமல் செய்கிறேன். பட்டியலை வரிவரியாக வாசிக்கிறேன். ஒரு மாதத்தில் இந்த வீட்டில் என்னென்ன நடந்தது என்று அதில் தெரியும். முடித்த கட்டுரை, பாதியில் விட்ட கடிதம், ஊர்த் திருவிழாப் படங்கள். இடையிடையே புள்ளியில் தொடங்கும் பெயர்கள் வரும். இவை மறைந்த கோப்புகள். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. யூனிக்ஸை உருவாக்கிய பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ராப் பைக் இதன் கதையை 2012இல் எழுதினார். டைரக்டரியைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியையும் இரட்டைப் புள்ளியையும் பட்டியலில் காட்ட வேண்டாமென்று யாரோ சுருக்கமாக, முதல் எழுத்து புள்ளியானால் தாண்டு என்று நிரல் எழுதிவிட்டார்கள். புள்ளியில் தொடங்கும் எந்தப் பெயரும் அன்றிலிருந்து மறைந்துபோயிற்று. யாரும் திட்டமிட்ட ஒன்றில்லை அது. இன்று பெரும்பாலான மென்பொருள்கள் தம் சாமான்களை அந்த மறைவிடத்தில்தான் வைக்கின்றன.

2021இல் ஒரு மாலை இந்தப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தபோது, மறைந்த அமைப்பு ஃபோல்டருக்குள் லிப்ரே ஆஃபீஸின் இடத்தில் 'வேர்டுபுக்' என்று ஒரு பெயர் கண்ணில் பட்டது. திறந்தேன். சொல்லுக்கு ஒரு வரியாக அப்பாவின் சொற்கள். சொற்பிழை திருத்தி சிவப்புக் கோடு போட்ட ஒவ்வொரு முறையும், 'அகராதியில் சேர்' என்று அழுத்தியிருக்கிறேன். அழுத்திய கை மறந்துவிட்டது. மென்பொருள் மறக்கவில்லை. முந்நூறுக்கு மேல் இருந்தன. தொலைந்த ஏழு கோப்புகளில் இருந்திருக்க வேண்டிய இரண்டு சொற்களும் அதில் இருந்தன. பொருள் இல்லை, சொல் மட்டும். பழைய டிஸ்க்கிலிருந்து பென் டிரைவுக்கும் அங்கிருந்து புது டிஸ்க்குக்கும் என் கண்ணில் படாமலே கூட வந்திருக்கிறது. அன்றிலிருந்து, 'டாட் ஃபைல்களை விட்டுவிடலாம், குப்பை' என்று யார் சொன்னாலும் கேட்பதில்லை. இணைய உலாவியின் தற்காலிகச் சேமிப்பை மட்டும் விலக்குகிறேன்.

ஆர்சிங்க்கில் நான் பயப்படும் ஓர் இடம் இருக்கிறது. இந்தப் பக்கம் இல்லாததை அந்தப் பக்கமும் அழி என்று சொல்ல வழி உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க அது வேண்டியதுதான். ஆனால் மூல டைரக்டரியின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டால் 'அதற்குள் இருப்பவை' என்று பொருள். போடாவிட்டால் 'அதுவே' என்று பொருள். அழிக்கச் சொல்லிவிட்டு இந்தச் சாய்கோட்டில் தவறினால், ஒரு நொடியில் பேக்கப்பே பேக்கப்பை அழித்துவிடும். பெரிய இடத்திலும் பேக்கப் நிரலே கோப்புகளை அழித்திருக்கிறது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில், பேக்கப் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஸ்கிரிப்டைப் புதுப்பித்தார்கள். ஸ்கிரிப்டை இயக்கும் ஷெல், அதை ஓடஓடத்தான் படிக்கும். பாதி பழையதும் பாதி புதியதுமாகப் படித்தது. பழைய பதிவுக் குறிப்புகளை அழிக்க வேண்டிய கட்டளை ஆய்வாளர்களின் கோப்புகளை அழித்தது. 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். அந்தச் செய்தியைப் படித்த அன்று, அவர்களில் யாரோ ஒருவர் எத்தனை வருடக் கணக்குகளை இழந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு அழிக்கும் வழியையே விட்டுவிட்டேன். மாதத்துக்கு ஒரு புது ஃபோல்டர், அந்த மாதத் தேதியே அதன் பெயர். ஒவ்வொன்றிலும் வீடு முழுவதும் இருக்கும். அத்தனைக்கும் இடம் ஏது என்றால், மாறாத கோப்பை ஆர்சிங்க் மறுபடி எழுதுவதில்லை. போன மாதக் கோப்புக்கே இன்னொரு பெயர் சூட்டுகிறது. ஹார்ட் லிங்க் என்பார்கள். லினக்ஸில் கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. ஒரே கோப்புக்கு நாற்பது ஃபோல்டரில் நாற்பது பெயர் இருக்கலாம். ஒரு பெயரை அழித்தால் ஒரு பெயர்தான் போகும். கடைசிப் பெயரும் போகும்வரை கோப்பு இருக்கும். நம் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது இந்தக் கணக்கில்தானோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

எழுதி முடிந்தது என்று டெர்மினல் சொன்னதும் டிஸ்க்கைப் பிடுங்கக் கூடாது. எழுதியதில் ஒரு பகுதி இன்னும் ரேமில்தான் இருக்கும். லினக்ஸ் அதைத் தன் வசதிக்கு மெல்ல மெல்லத்தான் டிஸ்க்குக்கு இறக்கும். திரையில் எல்லாம் முடிந்து அமைதியாக இருக்கையில் டிஸ்க்கின் சின்ன நீல விளக்கு மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். இணைப்பை முறையாகத் துண்டிக்கச் சொல்லிவிட்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். விட்டு விட்டுத் துடித்து, ஒரு முறை நீளமாக எரிந்து, அணையும். கையில் எடுத்தால் உள்ளே தட்டு சுற்றி ஓய்வது உள்ளங்கையில் தெரியும்.

இந்த டிஸ்க்கைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். இதில் கடவுச்சொற்கள் இருக்கின்றன, வங்கி விவரங்கள் இருக்கின்றன. முழுதும் குறியாக்கம் செய்தது. சாவிச்சொல் என் நினைவில் மட்டும். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வரலாம் என்பதை நான் ஒதுக்கிவிட முடியாது. அதனால் அப்பாவின் ஃபோல்டரை மட்டும் பூட்டு இல்லாத இன்னொரு டிஸ்க்கில் எடுத்து, சாத்தூரில் அக்கா வீட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன். பட்டுச்சேலைக்கு நடுவில் ஒரு மஞ்சள் பையில் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை போய், அக்கா மகனின் கணினியில் செருகித் திறந்து பார்ப்பேன். வேறொரு கணினியில் திறக்கும்வரை அதைப் பேக்கப் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நேரத்தை மட்டும் எதுவும் கொண்டுபோவதில்லை. எக்ஸ்ட்-4இல் நான்காவதாக ஒன்று உண்டு: பிறந்த நேரம். கோப்பு இந்த டிஸ்க்கில் முதன்முதலாக உருவான நொடி. மாற்றிய நேரத்தை நாம் வைக்கலாம்; பிறந்த நேரத்தை வைக்க லினக்ஸில் முறையான கட்டளை கிடையாது. எந்த நகலும் நகலெடுத்த நொடியில்தான் பிறக்கிறது.

மாற்றிய நேரத்தைக் கையால் வைக்கும் கட்டளையின் பெயர் 'டச்'. தொடு. போன தையில் அக்காவும் நானும் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து உட்கார்ந்தோம். நான் வாசித்தேன், அக்கா கேட்டாள். ஒன்றின் கடைசியில் அப்பா, "போதும்யா, விடிஞ்சா காதுகுத்து" என்கிறார். "நம்ம பேத்தி காதுகுத்துக்கு மொத நாளுல்ல இது" என்றாள் அக்கா. எழுந்து போய்ப் பத்திரிகையைத் தேடி எடுத்து வந்தாள். 2017 மே 21. அதற்கு முந்தைய நாள். மணி தெரியாது, மாலையில்தான் எழுதுவேன் என்பதால் 7 என்று வைத்தேன். அந்த ஒரு கோப்பைத் தொட்டேன்.

பிறகு 'கமலை மறுபடியும்'. அந்தப் பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லும் வரியில் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது நாந்தாண்டா."

வடத்துக்குப் பக்கத்தில் கிணற்று விளிம்பில் போய் நிற்பாளாம். கூனை மேலே வந்து தண்ணீர் கொட்டும்போது முகத்தில் தெறிக்கும், அதற்காக. ஒரு நாள் அப்பா இறைப்பை நிறுத்திவிட்டு ஓடிவந்து தூக்கிக் கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் உட்காரவைத்தார். அவளுக்கு அப்போது ஆறு வயது. அறுபத்தேழாம் வருடம். நான் பிறக்கவே இல்லை.

நடந்த வருடம் தெரிந்தது. அப்பா அதைச் சொன்ன நாள் தெரியவில்லை. அக்காவும் யோசித்துப் பார்த்தாள். கோப்பின் தேதியை நான் தொடவில்லை. அவள் சொன்னதை அந்தக் கோப்பிலேயே கீழே சேர்த்து எழுத விரல் போயிற்று. சேர்த்தால் மாற்றிய நேரம் இன்றைக்கு மாறிவிடும். தப்பான தேதிதான், ஆனாலும் அப்பாவின் பேச்சோடு நாலைந்து வருடம் கூட இருந்த தேதி. பக்கத்தில் புதிதாக ஒரு கோப்பு திறந்து, முதல் வரியில் தேதியும் கிழமையும் எழுதி, அக்காவை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். 'கமலை அக்கா சொன்னது' என்று பெயர் வைத்தேன். மாதக் கடைசி ஞாயிறன்று பட்டியலில் அது ஒரு வரியாக வந்தது.